மொடக்குறிச்சி: 1,033 வேட்பாளர்களும் 281 வாக்குகளும்

தேர்தல் முடிவுகளைப் பத்திரிகையில் வெளியிடுவதற்கென்று நெடுங்காலமாக ஒரு முறை இருந்து வருகிறது. வென்றவரின் பெயரும் வாக்கும், அடுத்து வந்தவரின் பெயரும் வாக்கும், பெரும்பான்மை எவ்வளவு என்ற கணக்கும் ஆக மூன்று வரிகளில் ஒரு தொகுதியின் கதை முடிந்துவிடும். பக்கத்தில் இடம் மிஞ்சினால் மூன்றாமவருக்கும் ஒரு வரி கிடைக்கும். அவருக்குக் கீழே உள்ளவர்கள் அனைவரும் ‘ஏனையோர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போவார்கள். பத்தோ பதினைந்தோ வேட்பாளர்கள் நிற்கும் தொகுதிக்கு இம்முறை போதுமானதே.

ஆனால், தமிழகத்தின் ஒரு சட்டசபைத் தொகுதியின் பெறுபேறு மாத்திரம் இந்த மூன்று வரிகளுக்குள் அடங்க மறுக்கிறது. ஈரோடு மாவட்டத்திலுள்ள மொடக்குறிச்சியே அத்தொகுதி. 1996 ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழகச் சட்டசபைத் தேர்தலில் அங்கே போட்டியிட்டவர்களின் தொகை 1,033. இந்தியத் தேர்தல் வரலாற்றிலே ஒரு தொகுதியில் இத்தனை பேர் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. அங்கே ‘ஏனையோர்’ என்று ஒதுக்கப்பட வேண்டியவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டால் அந்தத் தேர்தலைப் பற்றிச் சொல்லுவதற்கு எதுவுமே மிஞ்சாது.

பொது அறிவுப் போட்டிகளிலே கேட்கப்படும் ஒரு வினாவாகவே மொடக்குறிச்சியின் பெயர் இன்று பலருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆயிரம் பேர் ஏன் நின்றார்கள், அவர்களுக்கு அரசு என்ன பதில் சொன்னது, அந்தப் பதில் இன்று வரை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனாலேயே இந்தக் கட்டுரை.

நீரும் மின்சாரமும்

மொடக்குறிச்சி, ஈரோடு நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்த ஊர். கொங்கு நாட்டின் விவசாயப் பூமி அது. நெல், கரும்பு, வாழை, மஞ்சள் ஆகியவை அந்தப் பகுதியின் பயிர்கள். ஈரோட்டு மஞ்சளின் பெயர் தமிழர் வாழும் இடமெல்லாம் தெரிந்த பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே காலிங்கராயன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்கால், பவானி ஆற்றின் நீரை இப்பகுதிக்குக் கொண்டு வருகிறது. அதற்கு மேலே, மேட்டு நிலங்களின் ஊடாக, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நீளமான கீழ்பவானிக் கால்வாய் ஓடுகிறது. பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் இந்தக் கால்வாயின் பாசனப் பரப்பு 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கர்.

இந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே வேளையில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கும் வல்லமை அணைக்கு இல்லை. ஆதலால், நிலத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறு பாதிக்கு நிலக்கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டுகளிலே இந்த முறையும் குலைந்து போகும். கால்வாயின் கடைமடையில் இருப்பவன் முதலில் பாதிக்கப்படுவான். கால்வாயே எட்டாத நிலங்களிலோ கிணறுதான் கதி. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. மின்சாரப் பம்பு இல்லாமல் அவற்றிலிருந்து நீர் இறைத்துப் பயிர் செய்வது முடியாத காரியம். எனவே, மின்கட்டணம் என்பது அந்த மண்ணிலே வெறும் கட்டணமல்ல. விளைச்சலின் விலையையே தீர்மானிக்கும் ஒன்று.

அங்கே விவசாயிகளின் இயக்கம் தோன்றியதும் மின்கட்டணத்தை முன்னிட்டுத்தான். 1970 ஆம் ஆண்டு மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயமுத்தூர்ப் பகுதி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972 இல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோயமுத்தூர் நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டு, நகரமே அசையாது நின்றது. இந்தப் போராட்டங்களுக்குத் தலைமை தாங்கிய சி.நாராயணசாமி நாயுடு தமிழக விவசாயிகளின் தனிப்பெருந் தலைவராக உயர்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் தமது சங்கத்தின் பலத்தை அரசியல் கட்சியாக மாற்றிப் பார்த்தார். ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் வாக்குப் பெட்டிக்கு வரவில்லை. 1984 டிசம்பரில் அவர் காலமானார். 1989 இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வழங்கியது. போராட்டத்தின் பலன் என்று அதனைச் சொல்லலாம். ஆனால், அதனைப் பெறுவதற்கு இரண்டு தசாப்தங்கள் சென்றன.

இந்த வரலாற்றுக்குள் இன்னொரு சிறு வரலாறும் உண்டு. பவானிசாகர் அணை எழுந்ததற்குச் சென்னை சட்டசபையிலே விடாது குரல் கொடுத்தவர் என்று ஈரோட்டுப் பகுதி மக்கள் இன்றும் நினைவுகூர்வது, சுதந்திரப் போராட்ட வீரரும் சட்டசபை உறுப்பினருமான எம்.ஏ.ஈஸ்வரனைத்தான். 1948 இல் தொடங்கிய அணை வேலை ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நிறைவெய்தியது. ஒரு காலத்தில் ஒற்றை உறுப்பினரின் குரல் அந்த மண்ணுக்கு ஓர் அணையையே பெற்றுத் தந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு 1996 க்கு வருவோம்.

வேட்புமனு என்ற விண்ணப்பம்

1996 இன் தேர்தல் தமிழகத்திலே புயல் போல் வீசிய தேர்தல். ஜெயலலிதாவின் முதலாவது ஆட்சியின் மீதிருந்த வெறுப்பு, மூப்பனாரின் தமிழ் மாநிலக் காங்கிரஸின் பிறப்பு, நடிகர் ரஜினிகாந்தின் அறிக்கை என்று பத்திரிகைகளுக்குத் தலைப்புச் செய்திகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. அந்த ஆரவாரத்தில் ஒரு விவசாயியின் குறை எவர் காதிலும் விழப் போவதில்லை. தங்களுடைய கோரிக்கைகளை அரசு நெடுங்காலமாகச் செவிமடுக்கவில்லை என்று சினங்கொண்ட மொடக்குறிச்சி விவசாயிகள், நாட்டின் கவனத்தைத் திருப்புவதற்கு மறியலையும் உண்ணாவிரதத்தையும் நாடாமல் வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தார்கள். ஆளுக்கொரு வேட்புமனுத் தாக்கல் செய்வது என்பதே அந்த வழி.

அன்றைய சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. சட்டசபைத் தேர்தலில் நிற்பதற்கான கட்டுப்பணம் 250 ரூபாதான். தமிழகத்தார் அதனை டெபாசிட் என்றே சொல்லுவார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதிலும் பாதி. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலே விதிக்கப்பட்ட இந்தத் தொகை 45 ஆண்டுகளாக மாறாமலே இருந்தது. முன்மொழிவதற்கு ஒரே ஒரு வாக்காளர் போதும். ஒரு விவசாயி மற்றொருவரை முன்மொழிய, அவர் இன்னொருவரை முன்மொழிய, மனுக்கள் குவிந்தன. பரிசீலனையும் வாபஸும் முடிந்தபோது களத்தில் எஞ்சியவர்கள் 1,033 பேர்.

எல்லோருக்கும் முழுக் கட்டுப்பணம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தத் தொகை 2 இலட்சத்து 58 ஆயிரத்து 250 ரூபாதான். ஒரு பெரிய கட்சி ஒரு தொகுதியிலே செலவழிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டல்ல. இந்தச் சிறு தொகையைக் கொண்டு அந்த விவசாயிகள் இந்தியத் தேர்தல் இயந்திரத்தையே திகைக்க வைத்தார்கள்.

அப்போது பிரதம தேர்தல் ஆணையாளராக இருந்தவர் ரி.என்.சேஷன். பெரும் அரசியல்வாதிகளையெல்லாம் நடுங்க வைத்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவருடைய ஆணைக்குழுவும் மொடக்குறிச்சியில் உரிய நாளிலே தேர்தலை நடத்த முடியவில்லை. வாக்களிப்பு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளி வைக்கப்பட்டது. வாக்குச்சீட்டு என்பது ஒற்றைத் தாள். அதனை மடித்துப் பெட்டியில் போடலாம். 1,033 பெயர்களும் 1,033 சின்னங்களும் எந்தத் தாளில் அடங்கும்? ஈற்றில் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். ஒவ்வொரு வாக்காளரின் கையிலும் ஒரு புத்தகம். தாம் விரும்பிய வேட்பாளர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து முத்திரை குத்தி, புத்தகத்தைப் பெட்டியில் சேர்க்க வேண்டும். வேட்பாளர் பெயர்களைக் கட்சி வேறுபாடின்றி அகரவரிசையில் அடுக்க வேண்டும் என்பதே அந்நாளையச் சட்டம். எழுத்து வாசிக்கத் தெரியாத முதியவருக்குச் சின்னமே வழிகாட்டி என்பார்கள். ஆயிரம் சின்னங்களுக்கு நடுவே அந்த வழிகாட்டியைக் கண்டுபிடிப்பதற்கே இன்னொரு வழிகாட்டி தேவைப்பட்டிருக்கும்.

தேர்தல் பிந்தியதால் இன்னொரு விசித்திரமும் நேர்ந்தது. தமிழகத்தின் ஏனைய தொகுதிகளில் ஏப்ரல் 27 ஆம் திகதியும் மே 2 ஆம் திகதியும் வாக்களிப்பு நடந்து, பெறுபேறுகளும் வெளிவந்து, மே 13 ஆம் திகதி கருணாநிதி நான்காவது தடவையாக முதலமைச்சராகப் பதவியேற்றுவிட்டார். அ.தி.மு.க. நான்கே ஆசனங்களுக்குச் சுருங்கியது. ஜெயலலிதாவே பர்கூரில் 8,366 வாக்குகளால் தோற்றுப் போனார். ஆகவே, மொடக்குறிச்சி மக்கள் ஓர் அரசைத் தெரிவு செய்வதற்காக வாக்களிக்கவில்லை. அரசு யாருடையது என்பது தெரிந்த பின்னர் வாக்களித்தார்கள்.

பட்டியலின் அடியில் இருப்பவர்கள்

பெறுபேறு எதிர்பார்த்தபடியே வந்தது. தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 வாக்குகள் பெற்று வென்றார். அ.தி.மு.க.வின் ஆர்.என்.கிட்டுசாமிக்கு 24,896 வாக்குகள். பெரும்பான்மை 39,540. சுப்புலட்சுமி ஜெகதீசன் அத்தொகுதிக்குப் புதியவரல்லர். 1977 இல் அ.தி.மு.க. சார்பில் அங்கேயே வென்று எம்.ஜி.ஆரின் அமைச்சரவையில் இடம்பெற்றவர், பின்னர் தி.மு.க.வுக்கு வந்தவர். வழமையான முறைப்படி செய்தி இங்கே முடிந்துவிடும்.

ஆனால், பட்டியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குக் கூடக் கிடைக்கவில்லை. 158 பேருக்குக் கிடைத்தது தலைக்கு ஒரு வாக்கு. செல்லுபடியான வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேல் பெறாதவர் கட்டுப்பணத்தை இழப்பார் என்பது விதி. ஆறிலொரு பங்குக்கு மேல் ஐந்து பேருக்கு மேல் பெறவே முடியாது என்பது எளிய கணக்கு. எனவே, அன்று குறைந்தது 1,028 பேர் தங்கள் பணத்தை இழந்தார்கள் என்று பட்டியலை முழுதாகப் படிக்காமலே சொல்லிவிடலாம். அது அவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பூச்சியம் வாக்குப் பெற்ற 88 பேரைப் பற்றி ஏளனமாகச் சிரித்தவர்கள் உண்டு. சொந்த வாக்கையாவது தனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் என்ற கேலி அது. சட்டசபைக்கு நிற்பவர் மாநிலத்தின் எந்தத் தொகுதியிலும் வாக்காளராக இருக்கலாம். அவர்களுள் சிலருக்கு மொடக்குறிச்சியில் வாக்கே இல்லாதிருந்திருக்கலாம். வாக்கு இருந்தும் தமக்குப் போடாதவர்கள் இருந்தால், அவர்களே கவனத்துக்குரியவர்கள். தமது பெயரை வாக்குச்சீட்டில் இட்ட அந்த மனிதர், வாக்களிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் வேட்பாளர் என்ற வேடத்தைக் களைந்துவிட்டு, சாதாரண வாக்காளராகி, தமக்குச் சரியென்று பட்ட ஒருவருக்கு முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறார். வேட்புமனு அரசுக்கு எழுதிய விண்ணப்பம். வாக்கு, ஆட்சியைத் தீர்மானிப்பதற்கு உரியது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

அந்த விவசாயிகள் வாக்குக் கேட்டு நிற்கவில்லை. காது கேட்டு நின்றார்கள். அலுவலகங்களில் கொடுத்த மனுக்கள் மேசை மாறி மேசை போய்த் தொலைந்துவிடும். வேட்புமனுவை மாத்திரம் எந்த அதிகாரியும் தொலைத்துவிட முடியாது. அதனைப் பரிசீலித்தே ஆக வேண்டும், அந்தப் பெயரை அச்சிட்டே ஆக வேண்டும், அதற்குரிய வாக்கை எண்ணியே ஆக வேண்டும். பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு கடிதத்தை அரசுக்கு எழுதுவதற்கு 250 ரூபா செலவாகிறது என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மொடக்குறிச்சியின் சாதனை 1,033 என்ற எண்ணல்ல, இந்தக் கண்டுபிடிப்பே.

அரசு சொன்ன பதில்

அரசு பதில் சொன்னது. ஆனால், விவசாயிகளின் கோரிக்கைக்கல்ல. அவர்கள் பயன்படுத்திய வழிக்கு. 1996 ஆகஸ்ட் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவத் திருத்தச் சட்டம், சட்டசபைக் கட்டுப்பணத்தை 250 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தியது. மக்களவைக்கு 500 ரூபா 10,000 ஆயிற்று. இருபது மடங்கு உயர்வு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்போலவே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கோ பத்துப் பேர் வேண்டும். ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. வாக்குச்சீட்டிலும் புதிய வரிசை வந்தது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு பெற்ற ஏனைய கட்சிகள், கடைசியிலே சுயேச்சைகள். அகரவரிசை என்ற சமத்துவம் அத்துடன் முடிந்தது.

நியாயமாகச் சொல்வதானால், இந்தத் திருத்தத்துக்கு மொடக்குறிச்சி மட்டுமே காரணமல்ல. தீவிர நோக்கமற்ற வேட்பாளர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது 1990 இல் தினேஷ் கோஸ்வாமி குழு அறிக்கை தந்த காலத்திலிருந்தே பேசப்பட்டு வந்தது. 1996 ஆம் ஆண்டிலேயே மக்களவைத் தேர்தலிலும் இதே போன்ற காட்சிகள் அரங்கேறின. ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 வேட்பாளர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து எலும்பும் பல்லும் சிதைந்து போன மக்களின் அவலத்தை எடுத்துச் சொல்வதற்காக அங்கே மனுக்கள் குவிந்தன. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். மகாராஷ்டிரத்தோடு இணைய வேண்டும் என்ற மராத்தி மொழியாளரின் எல்லைப் பிரச்சினை அதன் பின்னணி. நாடெங்கும் 543 மக்களவை ஆசனங்களுக்கு அன்று போட்டியிட்டவர்கள் 13,952 பேர்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. புத்தகம் போன்ற வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் வாக்காளனின் உரிமை யாருடையது? அவன் தான் விரும்பியவருக்கு இலகுவாக வாக்களிக்கும் உரிமையை ஆயிரம் பேரின் எதிர்ப்புப் பறித்துவிடலாமா? இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தேர்தல் என்பது முதலில் பிரதிநிதியைத் தெரிவு செய்யும் ஏற்பாடு. அது முடங்கிப் போனால் நட்டம் எல்லோருக்கும்தான்.

ஆயினும், பூட்டு எந்தக் கதவில் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1998 இன் மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் தொகை 13,952 இலிருந்து 4,750 ஆக வீழ்ந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் காணாமற் போனார்கள். அவர்களிலே விளம்பரத்துக்கு நின்றவர்களும் இருந்திருப்பார்கள்; பெரிய வேட்பாளரின் பெயரையொத்த பெயருடன் வாக்கைப் பிரிப்பதற்கு நிறுத்தப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். இந்த இரு சாராருக்கும் பின்னால் பணம் இருந்தால் 5,000 ரூபா ஒரு தடையல்ல. தடைப்பட்டவர் பின்னால் யாருமில்லாத ஏழை வேட்பாளர். 2010 இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு திருத்தம் கட்டுப்பணத்தைச் சட்டசபைக்கு 10,000 ரூபாவாகவும் மக்களவைக்கு 25,000 ரூபாவாகவும் மேலும் உயர்த்தியது. சுயேச்சைகளைப் போட்டியிலிருந்தே விலக்க வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணைக்குழு 1999 இலும் 2015 இலும் சிபாரிசு செய்தது. அது இதுவரை சட்டமாகவில்லை என்பது ஆறுதல்.

மஞ்சள் மறுபடியும் பேசியது

கட்டுப்பணத்தை உயர்த்திவிட்டால் மொடக்குறிச்சிகள் தோன்றமாட்டா என்ற நம்பிக்கை 2019 இல் தகர்ந்தது. தெலுங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியிலே 185 வேட்பாளர்கள் களமிறங்கினர். அவர்களில் 178 பேர் விவசாயிகள். மஞ்சளும் சோளமும் பயிரிடுபவர்கள். மஞ்சளுக்குக் கட்டுபடியான விலையும் தனி வாரியமும் கேட்டு, ஆளுக்கு 25,000 ரூபா வரை கட்டி நின்றார்கள். ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்ற செய்திகள் அப்போது வெளிவந்தன. கட்டுப்பணம் என்னும் வேலி, ஒன்றுதிரண்ட சினத்தைத் தடுக்காது. தனித்து நிற்பவனைத்தான் தடுக்கும் என்பதை நிஜாமாபாத் நிரூபித்தது.

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் பன்னிரண்டு வாக்களிப்பு அலகுகளை வரிசையாக இணைத்து அந்தத் தேர்தல் நடத்தப்பட்டது. மொடக்குறிச்சியில் புத்தகம், நிஜாமாபாத்தில் இயந்திரங்களின் வரிசை. பெறுபேறு வெளிவந்தபோது, முதலமைச்சர் சந்திரசேகர ராவின் மகளும் அப்போதைய மக்களவை உறுப்பினருமான கவிதா, பாரதிய ஜனதாக் கட்சியின் தர்மபுரி அரவிந்திடம் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றார். மஞ்சள் வாரியம் அமைப்பேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் அரவிந்த். வாரியம் உடனே வந்துவிடவில்லை. 2023 இல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடக்கி வைக்கப்பட்டது. பிந்தியேனும் அங்கே ஒரு கோரிக்கைக்குப் பதில் கிடைத்தது.

இரண்டு ஊர்களுக்கும் மஞ்சள் பொது என்பது தற்செயல். ஆனால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலல்ல. நிஜாமாபாத் விவசாயிகளிடம் ஒற்றை வரியில் சொல்லக் கூடிய ஒரு கோரிக்கை இருந்தது. அதனைத் தூக்கிப் பிடிப்பதில் இலாபம் கண்ட ஒரு போட்டிக் கட்சியும் இருந்தது. மொடக்குறிச்சியில் தேர்தல் நடந்தபோது போட்டியே முடிந்து போயிருந்தது. வென்ற கட்சிக்கு 1,033 பேரின் தயவு தேவைப்படவில்லை. தோற்ற கட்சிக்கு எழுந்து நிற்பதற்கே வலுவில்லை. எதிர்ப்பு எவ்வளவு பெரியது என்பதை விட, எதிர்ப்புக்கு அஞ்ச வேண்டிய நிலையில் யாராவது இருக்கிறார்களா என்பதே அரசியலில் முக்கியமானது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்

மொடக்குறிச்சியின் கதைக்கு 2021 இல் ஒரு பிற்சேர்க்கை கிடைத்தது. 2008 ஆம் ஆண்டின் எல்லை மீள்நிர்ணயத்தால் தொகுதியின் எல்லைகள் மாறியிருந்தன. 1996 இல் தோற்ற கிட்டுசாமி 2011 இல் அங்கே வென்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். 2021 இல் தி.மு.க.வின் துணைப் பொதுச் செயலாளராக இருந்த சுப்புலட்சுமி ஜெகதீசன் மீண்டும் மொடக்குறிச்சிக்கு வந்தார். இடையில் 2004 மக்களவைத் தேர்தலிலே திருச்செங்கோட்டில், பின்னாளில் முதலமைச்சரான எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து, மத்திய இணையமைச்சராகவும் இருந்தவர் அவர்.

தமிழகத்தில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. அந்த அலையிலும் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றார். பா.ஜ.க.வின் மருத்துவர் சி.சரஸ்வதி பெற்றவை 78,125 வாக்குகள், அவருக்கு 77,844. வித்தியாசம் 281. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் தமிழகச் சட்டசபைக்குள் நுழைந்த பா.ஜ.க.வின் நால்வரில் ஒருவர் இந்த 281 வாக்குகளால் வந்தவர். அடுத்த ஆண்டு சுப்புலட்சுமி ஜெகதீசன் கட்சியை விட்டே விலகினார்.

ஒரே தொகுதி, ஒரே வேட்பாளர். 1996 இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எதிர்த்து நின்றும் அவரது வெற்றியை ஓர் அங்குலம் கூட அசைக்க முடியவில்லை. 2021 இலோ, இரண்டு மூன்று தெருக்களில் வாழும் மக்கள் மனம் மாறியிருந்தால் பெறுபேறே தலைகீழாகியிருக்கும். வாக்குக்கு எத்தனை பெறுமதி என்பது வாக்காளரின் கையில் இல்லை. போட்டி எவ்வளவு நெருக்கமானது என்பதிலேயே அது தங்கியிருக்கிறது. நெருக்கமான போட்டியில் ஒவ்வொரு தெருவும் கவனிக்கப்படும். ஒருபக்கமாகச் சாய்ந்த போட்டியில் ஊரே கூக்குரலிட்டாலும் கேட்பாரில்லை. 1996 இன் விவசாயிகள் வாக்கின் இந்தப் பலவீனத்தை உணர்ந்ததால்தான் வேட்புமனுவை நாடினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2013 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை அடுத்து, எவருக்கும் வாக்கில்லை என்று தெரிவிக்கும் பொத்தான் வாக்குப்பதிவு இயந்திரத்தில் சேர்க்கப்பட்டது. அதிருப்தியாளருக்கு அதுவே போதும் என்று சிலர் வாதிப்பார்கள். போதாது. அந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினாலும் அதிக வாக்குப் பெற்ற வேட்பாளரே வென்றவராவார். அன்றியும், அந்தப் பொத்தானுக்குப் பெயரில்லை, முகமில்லை, கோரிக்கையில்லை. மொடக்குறிச்சியின் வாக்குச்சீட்டுப் புத்தகத்தில் இருந்தவை பெயர்கள். ஊரறிந்த மனிதர்கள் தம் பெயரைக் கொடுத்து, தோல்வியையும் ஏளனத்தையும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நின்ற எதிர்ப்பு அது.

இன்றைய இலத்திரனியல் இயந்திரங்களில் எவருக்கும் வாக்கில்லை என்பதையும் சேர்த்து 384 தெரிவுகளுக்குத்தான் இடமுண்டு. இனியொரு மொடக்குறிச்சி தோன்றினால் மீண்டும் காகிதத்துக்கே போக வேண்டும். அப்படித் தோன்றாமலிருப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கட்டுப்பணத்தை இன்னும் உயர்த்துவது ஒன்று. வேட்புமனுவாக மாறுவதற்கு முன்னரே அந்த விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பது மற்றொன்று. முதலாவது வழி அரசுக்கு இலகுவானது. 1951 இல் 250 ரூபாவாக இருந்தது இன்று 10,000 ரூபாவாக நிற்பதே அதற்குச் சான்று. கீழ்பவானிக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேருவது பற்றிய சச்சரவோ, கால்வாய்க்குக் கொங்கிறீற் தளம் போடலாமா கூடாதா என்ற புதிய வடிவத்தில் 2020 களிலும் தொடர்ந்தது.

பூச்சியம் வாக்குப் பெற்ற அந்த 88 பேரையும் தோற்றவர்கள் என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் கேட்டது வாக்கல்ல என்பதால், அவர்கள் தோற்றார்களா என்பதை வாக்கு எண்ணிக்கையைக் கொண்டு சொல்லிவிட முடியாது. கேட்டது கிடைத்ததா என்பதை அந்த மண்ணின் விவசாயிகள்தாம் சொல்ல வேண்டும்.